கேட்பதற்கு ஒரு காது

கடலில் இருப்பவரோடு கரையில் இருப்பவர் பேசுவதற்கு நம் ஊரில் முதலில் இருந்தவை பீரங்கியும் கொடியும்தான். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிவைத்த நாட்குறிப்பைப் புரட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கப்பல் வந்தது, இத்தனை பீரங்கி போட்டார்கள், கோட்டையிலிருந்து பதிலுக்கு இத்தனை போட்டார்கள் என்று அவர் எழுதிக்கொண்டே போவார். துறைமுகம் இல்லாத ஊர் இது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சலங்குக்காரர்கள் அலையைத் தாண்டிப் போய்க் கடிதக் கட்டை வாங்கி வரவேண்டும். அந்தக் கடிதம் எழுதப்பட்டுப் பல மாதங்கள் ஆகியிருக்கும். திரும்பிப் போகிற கப்பல் அடிவானத்தைத் தாண்டிவிட்டால், அது மிதக்கிறதா மூழ்கிவிட்டதா என்பதைக் கூடச் சொல்ல ஆள் கிடையாது.

இப்போது நிலைமை வேறு. என் அக்காள் மகன் பிரான்சில் லா ரொஷேல் பக்கம் இருக்கிறான். பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, கோடையில் மனைவியோடு ஸ்பெயின் கரை வரை போய் வருகிறான். போன வருஷம் பிஸ்கே வளைகுடாவின் நடுவிலிருந்து வாட்ஸ்அப்பில் முகம் காட்டிப் பேசினான். எண்பத்திரண்டு வயதான அக்கா பூரித்துப் போனார். அன்று இரவே மறுபடி கூப்பிட்டிருக்கிறார், கிடைக்கவில்லை. விடியும் வரை தூங்கவில்லை. "மத்தியானம் பேசினானே தம்பி, ராத்திரி ஏன் கிடைக்கல?" என்று காலையில் என்னிடம் கேட்டார். எங்கள் பெரியப்பா சைகோனில் சொல்தாவாக இருந்த காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம் வந்தால் போதும், வீட்டில் யாரும் பயப்படமாட்டார்கள். தினமும் பேச முடிகிற காலத்தில் ஒரு ராத்திரி பேசாவிட்டால் வயிற்றைக் கலக்குகிறது. அக்காவின் கேள்விக்குப் பதில் தேடப் போனேன். பதில் 1912இல் கிடைத்தது.

அதற்கு முன் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். கம்பியில்லாத் தந்தியைப் பிரெஞ்சில் தே.எஸ்.எஃப். என்பார்கள். நாங்கள் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் அதைக் கண்டுபிடித்தவர் எதுவார் பிரான்லி. தெருவைத் தாண்டி ஆங்கிலப் பள்ளிக்குப் போனால் மார்க்கோனி. இரண்டு பக்கமும் பாதி உண்மை. பிரான்லி 1890இல் கண்ணாடிக் குழாயில் உலோகத் தூளை அடைத்து, மின் அலை படும்போது அது மின்சாரத்தைக் கடத்துவதைக் காட்டினார். அந்தக் குழாயைக் காதாக வைத்துக்கொண்டு அலையைத் தூரத்துக்கு அனுப்பியவர் மார்க்கோனி. 1899 மார்ச்சில் ஆங்கிலக் கால்வாயின் குறுக்கே பிரான்சின் விமெரேவிலிருந்து தோவர் பக்கத்துக்குச் செய்தி அனுப்பியபோது, அவர் பிரான்லிக்கும் ஒரு மரியாதைச் செய்தி அனுப்பினார். பள்ளி ஆசிரியர்களை விட மார்க்கோனிக்குப் பெருந்தன்மை அதிகம்.

அதே 1899இல் இங்கிலாந்துக் கரையருகே ஒரு விளக்குக் கப்பல் மீது இன்னொரு கப்பல் மோதியபோது, கம்பியில்லாத் தந்தியால் உதவி கேட்கப்பட்டது. கடலில் இருப்பவரின் குரல் கரைக்கு எட்டும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. கரையில், அல்லது பக்கத்துக் கப்பலில், அந்த நேரத்தில் யார் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பதுதான் பாக்கி.

டைட்டானிக் கதை எல்லோருக்கும் தெரியும். படத்தில் வராத பகுதியைச் சொல்கிறேன். அந்தக் கப்பலின் தந்தி அறை மார்க்கோனி கம்பெனியின் ஆட்களால் நடத்தப்பட்டது. பயணிகளின் சொந்தத் தந்திகளை அனுப்பிக் காசு வாங்குவது அவர்களுடைய முக்கிய வேலை. வழியில் பனிக்கட்டி இருக்கிறது என்று பல கப்பல்கள் எச்சரித்தன. முதலில் எச்சரித்தவற்றில் 'லா தூரேன்' என்ற பிரெஞ்சுக் கப்பலும் ஒன்று. 1912 ஏப்ரல் 14 இரவு, அருகில் நின்றிருந்த கலிபோர்னியன் என்ற கப்பலும் எச்சரிக்கை அனுப்பியது. டைட்டானிக் தந்தியாளர் அப்போது பயணிகளின் தந்திக் கட்டை அமெரிக்கக் கரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். குறுக்கே பேசாதே, வேலையாக இருக்கிறேன் என்று விரட்டிவிட்டார். கலிபோர்னியனில் இருந்தது ஒரே ஒரு தந்தியாளர். காலை முதல் உட்கார்ந்திருந்தவர், இரவு பதினொன்றரை வாக்கில் கருவியை அணைத்துவிட்டுப் படுத்தார். பதினொன்று நாற்பதுக்கு டைட்டானிக் மோதியது. கூப்பிடு தூரத்தில் கப்பல் இருந்தும் கேட்க ஆளில்லை. 58 கடல் மைலுக்கு அப்பால் இருந்த கார்ப்பேத்தியாவின் தந்தியாளரும் படுக்கத்தான் போய்க்கொண்டிருந்தார். காதுக் கருவியை இன்னும் கழற்றவில்லை. அந்தச் சில நிமிடத் தாமதத்தால் எழுநூறு பேருக்கு மேல் பிழைத்தார்கள்.

1914 ஜனவரியில் லண்டனில் கூடிய நாடுகள், கப்பல்களில் இரவு பகலாகத் தந்தி கேட்க ஆள் இருக்கவேண்டும் என்ற விதியை எழுதின. உலகப் போர் வந்து அந்த ஒப்பந்தத்தைத் தள்ளிப்போட்டது, ஆனாலும் அந்த எண்ணம் நிலைத்தது. பின்னால் வந்த ஏற்பாடு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. கப்பல் தந்தி அறைக் கடிகாரங்களின் முகத்தில் இரண்டு சிவப்புக் கோணங்கள் தீட்டியிருக்கும். ஒவ்வொரு மணியிலும் 15ஆம் நிமிடத்திலிருந்து 18 வரை, 45இலிருந்து 48 வரை. அந்த மும்மூன்று நிமிடம் 500 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் எல்லோரும் வாயை மூடிக்கொள்ளவேண்டும். ஆபத்தில் இருப்பவரின் மெலிந்த குரல் ஏதாவது வருகிறதா என்று கேட்கவேண்டும். உலகக் கடல் முழுவதும் மணிக்கு இருமுறை மௌனம் காத்தது.

ஒரே தந்தியாளர் உள்ள சிறு கப்பலுக்கு வேறு வழி செய்தார்கள். ஆபத்தில் இருப்பவர் முதலில் நான்கு நான்கு விநாடி நீளமுள்ள பன்னிரண்டு கோடுகளை அனுப்புவார். எதிர்க் கப்பலில் இருக்கும் பெட்டி அதில் சிலவற்றை அடையாளம் கண்டதும், படுத்திருக்கும் தந்தியாளரின் தலைமாட்டில் மணி அடிக்கும். தூங்குகிறவரை எழுப்ப ஒரு பெட்டி. அக்காவின் கேள்வியை யாரோ அப்போதே யோசித்திருக்கிறார்கள்.

இவையெல்லாம் பெரிய கப்பல்களுக்கு. தனியாளாகப் பாய்மரப் படகில் போகிறவர்களுக்கு எதுவும் இல்லை. 1968இல் நிற்காமல் தனியே உலகைச் சுற்றும் போட்டி ஒன்றை லண்டன் பத்திரிகை ஒன்று நடத்தியது. அதில் மூன்று பேரின் கதை நமக்கு வேண்டும். ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் படகு 'சுஹைலி' நம் பம்பாயில் கட்டப்பட்டது. வழியில் அவருடைய வானொலி பழுதாகி, நான்கு மாதத்துக்கு மேல் அவர் உயிரோடு இருக்கிறாரா என்றே கரையில் தெரியவில்லை. 312 நாளில் திரும்பி வந்து ஜெயித்தார். டொனால்ட் குரோஹர்ஸ்ட் வானொலி வைத்திருந்தார். அதில் பொய்யான இடங்களைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் ஆளில்லாத படகுதான் அட்லாண்டிக்கில் கிடைத்தது. ஹனோயில் பிறந்த பிரெஞ்சுக்காரர் பெர்னார் முவாத்தெசியே, வானொலியே வேண்டாம் என்றார். எதிர்ப்படும் கப்பலின் தளத்தின் மேல், புகைப்படச் சுருள் டப்பியில் கடிதத்தை வைத்துக் கவண்வில்லால் அடிப்பார். போட்டியை விட்டு விலகிப் பசிபிக் தீவுகளை நோக்கிப் போகப் போகிறேன் என்ற செய்தியையும் அப்படித்தான் கேப் டவுன் அருகே ஒரு கப்பலுக்கு அடித்தார். அவரை மெச்சுகிறவர்கள் நிறையப் பேர். என் எண்ணம், அவர் வீட்டில் காத்திருந்தவர்களையும் ஒருமுறை கேட்டிருக்கலாம்.

பிறகு செயற்கைக்கோள் வந்தது. 1976இல் மாரிசாட், 1979இல் இன்மார்சாட். அவை 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் சுற்றுபவை. கேள்வி போய் பதில் வர அரை விநாடி ஆகும். கருவியோ பெரிய குடைக்குள் இருக்கும், சிறு படகு தாங்காது. 1997 ஜனவரி 31இல் பிரான்சு 500 கிலோஹெர்ட்ஸ் மோர்ஸை நிறுத்தியது. இது எங்கள் கடைசிக் குரல், இனி என்றைக்கும் மௌனம் என்ற பொருளில் விடைபெற்றார்கள். 1999 பிப்ரவரி 1 முதல் உலகெங்கும் புதிய முறை. கடிகாரத்தின் சிவப்புக் கோணங்கள் பழம்பொருள் கடைக்குப் போயின.

என் மருமகன் படகில் இருப்பது 2022இல் கடலுக்கு வந்த ஸ்டார்லிங்க். சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் ஆயிரக்கணக்கான சிறு கோள்கள் ஓடுகின்றன. ஒன்று மறையும்போது இன்னொன்று பிடித்துக்கொள்கிறது. பலரும் இதையே வைஃபை என்கிறார்கள். வைஃபை என்பது வீட்டுக் குழாய் மாதிரி, படகுக்குள் சில மீட்டர் தூரத்துக்கு மட்டும். தண்ணீர் எங்கிருந்தோ வரவேண்டும். படகுத்துறையில் நிற்கும்போது துறையின் வைஃபையிலிருந்து வரலாம். ஆனால் நூறு படகுக்காரர்கள் ஒரே நேரத்தில் மொண்டால் சொட்டுத்தான் வரும். கரையோரமாகப் போகும்போது கைபேசிக் கோபுரம் உதவும், பாய்மரத்தின் உச்சியில் ஏரியல் வைத்தால் இன்னும் கொஞ்ச தூரம். அதற்கு அப்பால் வானம்தான்.

இங்கேதான் அக்காவுக்குப் பதில். அந்தத் தட்டு 50 வாட்டுக்கு மேல் இழுக்கும். நான் எழுத்தராக இருந்தவன், கணக்குப் போடாமல் இருக்க முடியாது. 50 வாட் 24 மணி நேரம் என்றால் 1,200 வாட்-மணி. 12 வோல்ட் பாட்டரியில் அது 100 ஆம்பியர்-மணி. சிறு படகில் விளக்கு, குளிர்பெட்டி, திசை காட்டும் கருவி எல்லாம் அதே பாட்டரியைத்தான் குடிக்கின்றன. சூரியத் தகடு பகலில்தான் தரும். ஆகவே இருட்டியதும் பையன் தட்டை அணைத்துவிடுகிறான். கலிபோர்னியனின் தந்தியாளர் கருவியை அணைத்துவிட்டுப் படுத்தது மாதிரியே. எத்தனை வேகமான இணைப்பானாலும் அணைத்து வைத்திருக்கும்போது அது இணைப்பில்லை.

ஆனால் படகில் அணைக்காத கருவியும் உண்டு. குறைந்த மின்சாரம் குடிக்கும் வி.எச்.எஃப். வானொலியின் 16ஆம் அலைவரிசை, பக்கத்துக் கப்பல்களைக் கேட்க. அப்புறம் பலீஸ் என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் ஆபத்துக்கால மிதவை. அதற்குத் தனி பாட்டரி, வருஷக்கணக்கில் சும்மா கிடக்கும். இழுத்துவிட்டால் குறைந்தது 48 மணி நேரம் வானத்தை நோக்கிக் கத்தும். பிரான்சு, கனடா, அமெரிக்கா, சோவியத் நாடு நான்கும், பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே சேர்ந்து செய்த ஏற்பாடு அது. பிரான்சின் பங்குக்கு அதைக் கேட்கும் நிலையம் துலூஸில் இருக்கிறது. அங்கே இரவென்றும் பகலென்றும் இல்லை.

இது எப்படி வேலை செய்யும் என்பதற்கு நம்மவர் ஒருவரே சாட்சி. நம் கடற்படையின் அபிலாஷ் டோமி 2018இல், 1968 போட்டியின் நினைவாக பிரான்சின் லெ சாப்ள்-தொலோனில் தொடங்கிய போட்டியில் கலந்துகொண்டார். அவருடைய 'துரீயா' கோவாவில் கட்டியது, சுஹைலியின் நகல். விதிப்படி பழைய கருவிகள்தான். அவசரத்துக்கு மட்டும் செயற்கைக்கோள் தொலைபேசியும், குறுஞ்செய்திப் பெட்டி ஒன்றும். செப்டம்பர் 21இல் தென் இந்தியப் பெருங்கடலில் புயல் படகை உருட்டிப் பாய்மரங்களை முறித்தது. முதுகெலும்பில் காயம், எழ முடியவில்லை. தொலைபேசி கெட்டுவிட்டது, மாற்றுத் தொலைபேசி எட்டாத பையில். படுத்தபடியே குறுஞ்செய்திப் பெட்டியில் சில சொற்கள் தட்டினார். கரையில் கேட்டார்கள். மொரீஷியஸிலிருந்து நம் விமானம் போய்ப் படகைக் கண்டது. மூன்றாம் நாள் 'ஓசிரிஸ்' என்ற பிரெஞ்சு மீன்வளக் காவல் கப்பல் அவரைத் தூக்கி, ஆம்ஸ்தர்தாம் தீவு மருத்துவமனையில் சேர்த்தது. படம் காட்டும் இணைப்பு எதுவும் அதில் இல்லை. 2023இல் அதே போட்டியை அவர் இரண்டாவதாக முடித்தார்.

அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்போ ராத்திரி நான் கூப்பிடக் கூடாது, அந்த மிதவை கூப்பிட்டால்தான் பயப்படணும்" என்றார். சரியாகப் புரிந்துகொண்டார்.

நண்பர்களுக்கு ஒரு செய்தி. பிரான்சிலிருந்து பிள்ளைகள் வரும்போது படகில் வைத்திருக்கும் துரையா, இரிடியம் போன்ற செயற்கைக்கோள் கைபேசிகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அவற்றை நம் நாட்டில் வைத்திருக்கக் கூடாது. விவரம் தெரியாமல் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்ட வெளிநாட்டவர் பலர்.