தமிழ்நாடு அரசின் முதல் நூறு நாட்கள் பற்றிய மக்கள் கருத்து (2021)

தமிழ்நாடு அரசின் முதல் நூறு நாட்கள் பற்றிய மக்கள் கருத்து என்பது, 2021 மே 7 அன்று மு. க. ஸ்டாலின் தலைமையில் பதவியேற்ற திராவிட முன்னேற்றக் கழக அரசின் தொடக்ககாலச் செயற்பாடுகள் குறித்து அம்மாநில மக்களிடையே நிலவிய மதிப்பீடுகளைக் குறிக்கும். நூறாவது நாள் 2021 ஆகத்து 14 அன்று நிறைவடைந்தது. இக்காலப்பகுதி கோவிட்-19 பெருந்தொற்றின் இரண்டாம் அலையுடன் ஒன்றியிருந்ததால், நோய்த்தடுப்பும் நிவாரணமுமே கருத்துகளை உருவாக்குவதில் பெரும் பங்கு வகித்தன. கருத்துக்கணிப்பு, மனு, போராட்டம், தேர்தல் ஆகியவற்றின் வாயிலாக இக்கருத்துகள் வெளிப்பட்டன. ஆயினும் இவ்வழிகள் எல்லா ஊர்களுக்கும் ஒரே அளவில் திறந்திருக்கவில்லை. திருவள்ளூர் மாவட்டத்தின் காட்டுப்பள்ளி இதற்கு எடுத்துக்காட்டாகும்.

வரலாற்றுப் பின்னணி

ஓர் அரசை அதன் முதல் நூறு நாட்களைக் கொண்டு அளவிடும் வழக்கம் ஐக்கிய அமெரிக்காவில் 1933 இல் தோன்றியது. பெரும் பொருளியல் வீழ்ச்சியின்போது பதவியேற்ற குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூசவெல்ட், தம் தொடக்ககால நடவடிக்கைகளைப் பற்றி அவ்வாண்டு சூலை மாதம் வானொலியில் உரையாற்றியபோது நூறு நாட்கள் என்னும் தொடரைப் பயன்படுத்தினார். பின்னர் இது பிற நாடுகளின் இதழியல் வழக்கிலும் இடம்பிடித்தது. இந்திய அரசியலமைப்பில் இதற்குச் சட்டமுறையான பொருள் எதுவும் இல்லை.

தமிழ்நாட்டில் இவ்வழக்கத்திற்கு முன்னரே, பதவியேற்றவுடன் மக்கள் உடனே உணரக்கூடிய ஓர் ஆணையைப் பிறப்பிக்கும் மரபு உருவாகியிருந்தது. இதன் சில நிகழ்வுகள் வருமாறு:

* 1967: கா. ந. அண்ணாதுரை அரசு, ஒரு ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கும் திட்டத்தைச் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் தொடங்கியது. ரூபாய்க்கு மூன்று படி என்பது தேர்தல்கால இலக்காக இருந்தது.
* 2006: மு. கருணாநிதி பதவியேற்பு விழாவிலேயே, கிலோ 2 ரூபாய்க்கு அரிசி, கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி ஆகியவற்றுக்கான ஆணைகளில் கையெழுத்திட்டார்.
* 2011: ஜெ. ஜெயலலிதா அரசு சூன் 1 முதல் விலையில்லா அரிசித் திட்டத்தை நடைமுறைப்படுத்தியது.
* 2016: மீண்டும் பதவியேற்ற ஜெயலலிதா, 100 அலகு வரை கட்டணமில்லா மின்சாரம், 500 மதுக்கடைகளை மூடுதல் முதலிய ஆணைகளில் கையெழுத்திட்டார்.

தேர்தலும் பதவியேற்பும்

2021 ஏப்ரல் 6 அன்று 234 தொகுதிகளுக்கும் ஒரே கட்டமாக வாக்குப்பதிவு நடைபெற்றது. மே 2 அன்று வெளியான முடிவுகளில் தி.மு.க. கூட்டணி 159 இடங்களையும் அ.தி.மு.க. கூட்டணி 75 இடங்களையும் பெற்றன. பத்து ஆண்டுகளுக்குப் பின் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. மார்ச் 13 அன்று அக்கட்சி வெளியிட்ட தேர்தல் அறிக்கை 505 வாக்குறுதிகளைக் கொண்டிருந்தது. அரசைப் பற்றிய பின்வந்த விவாதங்களில் இவ்வெண்ணே அளவுகோலாக அடிக்கடி எடுத்தாளப்பட்டது.

நூறு நாட்களின் முதன்மை நடவடிக்கைகள்

பதவியேற்ற நாளிலேயே முதலமைச்சர் ஐந்து ஆணைகளில் கையெழுத்திட்டார். அவையாவன:

* அரிசி பெறும் ஏறத்தாழ 2.07 கோடி குடும்ப அட்டைகளுக்கு 4,000 ரூபாய் நிவாரணம். இதில் முதல் தவணையான 2,000 ரூபாய் மே மாதத்தில் வழங்கப்பட்டது.
* ஆவின் பால் விலை லிட்டருக்கு 3 ரூபாய் குறைப்பு (மே 16 முதல்).
* சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் (மே 8 முதல்).
* தேர்தல் பரப்புரையின்போது பெறப்பட்ட மனுக்களை நூறு நாட்களுக்குள் தீர்க்க "உங்கள் தொகுதியில் முதலமைச்சர்" என்னும் தனித்துறை.
* தனியார் மருத்துவமனைகளில் கோவிட்-19 சிகிச்சை பெறுவோரின் செலவைக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் அரசே ஏற்றல்.

இவற்றைத் தொடர்ந்து, சூன் மாதத்தில் இரண்டாம் தவணை நிவாரணமும் 14 மளிகைப் பொருட்கள் கொண்ட தொகுப்பும் வழங்கப்பட்டன. சூன் 21 அன்று ஆளுநர் உரையில், இரகுராம் இராசன், எசுதர் டஃப்லோ, ஜீன் டிரெஸ் முதலியோர் அடங்கிய பொருளாதார ஆலோசனைக் குழு அறிவிக்கப்பட்டது. ஆகத்து 5 அன்று "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் தொடங்கியது. ஆகத்து 9 அன்று நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, மாநிலக் கடன் ஏறத்தாழ 5.70 இலட்சம் கோடி ரூபாய் எனத் தெரிவித்தது. ஆகத்து 13 அன்று அளிக்கப்பட்ட திருத்திய வரவுசெலவுத் திட்டத்தில் பெட்ரோல் மீதான வரி லிட்டருக்கு 3 ரூபாய் குறைக்கப்பட்டது. மறுநாள் வேளாண்மைக்கெனத் தனி வரவுசெலவுத் திட்டம் முதன்முறையாக முன்வைக்கப்பட்டது.

கருத்து வெளிப்பட்ட வழிகள்

கருத்துக்கணிப்புகள்

இந்தியா டுடே இதழ் 2021 ஆகத்தில் வெளியிட்ட நாடளாவிய கருத்துக்கணிப்பில், சொந்த மாநில மக்களின் ஆதரவு அடிப்படையில் மு. க. ஸ்டாலின் 42 விழுக்காட்டுடன் முதலிடம் பெற்றார். ஒடிசாவின் நவீன் பட்நாயக் 38 விழுக்காட்டுடன் அடுத்த இடத்தில் இருந்தார். அதே இதழின் 2022 சனவரிக் கணிப்பில் ஸ்டாலினுக்கு 67.5 விழுக்காடு கிடைத்தது. எனினும் அவர் நவீன் பட்நாயக், மம்தா பானர்ஜி ஆகியோருக்கு அடுத்து மூன்றாம் இடத்திலேயே இருந்தார். விழுக்காடு உயர்ந்து தரவரிசை இறங்கியுள்ளதால், இவ்விரு எண்களையும் நேரடியாக ஒப்பிட்டு ஆதரவு பெருகியது என முடிவு செய்ய இயலாது.

இத்தகைய கணிப்புகளைப் படிக்கும்போது மாதிரியின் அளவைக் கவனிக்க வேண்டும். ஒரு மாநிலத்தில் 800 பேரிடம் கருத்துக் கேட்கப்பட்டால், எளிய வாய்ப்பு மாதிரி எனக் கொண்டாலும் பிழை எல்லை ஏறத்தாழ 3.5 விழுக்காட்டுப் புள்ளிகள் இருபுறமும் அமையும். ஆகவே 42, 38 என்னும் எண்களுக்கு இடையேயான வேறுபாடு உறுதியானதன்று. மேலும், மாநிலம் முழுவதற்குமான மாதிரியிலிருந்து ஒரு மாவட்டத்தின் அல்லது ஒரு கடலோர ஊரின் கருத்தைப் பிரித்தெடுக்க முடியாது.

மனுக்களும் கருத்துக்கேட்பும்

"உங்கள் தொகுதியில் முதலமைச்சர்" துறைக்கு நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்ட மனுக்கள் வந்தன. அவற்றுள் ஏறத்தாழ பாதிக்குத் தீர்வு காணப்பட்டதாக அரசு அறிவித்தது. மனுக்களின் எண்ணிக்கை மனநிறைவை அளப்பதில்லை. மக்கள் எவற்றை அரசிடம் எதிர்பார்த்தனர் என்பதையே அது காட்டுகிறது.

மருத்துவப் படிப்பிற்கான நீட் தேர்வின் தாக்கத்தை ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி அ. க. இராசன் தலைமையில் சூன் மாதம் ஒரு குழு அமைக்கப்பட்டது. பொதுமக்களிடமிருந்து 86,000 இற்கும் மேற்பட்ட கருத்துகளைப் பெற்ற இக்குழு, சூலை 14 அன்று அறிக்கை அளித்தது. தாமாக முன்வந்து எழுதியோரின் கருத்துகள் என்பதால் இவற்றை மாதிரிக் கணிப்பாகக் கொள்ள இயலாது. ஆயினும் பெருந்தொற்றுக் காலத்தில் இத்தனை பேர் எழுதியமை அச்சிக்கல் மீதிருந்த அக்கறையைப் புலப்படுத்துகிறது.

தொழிலாளர் போராட்டங்கள்

மே 21 அன்று மாநிலத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. அப்போது ஊரடங்கிலும் ஆலைகள் இயங்க அளிக்கப்பட்ட விலக்கு குறித்துச் சென்னைப் புறநகர்த் தொழிற்பகுதிகளில் அதிருப்தி எழுந்தது. ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை ஆகிய இடங்களின் வாகன ஆலைத் தொழிலாளர்கள் தம் பாதுகாப்பு குறித்துக் குரல் எழுப்பினர். மே இறுதியில் அங்கு உற்பத்தி சில நாட்கள் நிறுத்தப்பட்டது. இது புதிய அரசு தொழிலாளரிடமிருந்து எதிர்கொண்ட முதல் கடும் சோதனைகளுள் ஒன்றாகும்.

விமர்சனங்கள்

அரசின் மீது பின்வரும் விமர்சனங்கள் முன்வைக்கப்பட்டன:

* மே 24 முதல் தளர்வற்ற ஊரடங்கு தொடங்குவதற்கு முன்பு கடைகளைத் திறக்கவும் பயணம் செய்யவும் அளிக்கப்பட்ட அனுமதி பெருங்கூட்டத்திற்கு வழிவகுத்தது.
* சூன் 14 முதல் 27 மாவட்டங்களில் மதுக்கடைகள் திறக்கப்பட்டன. 2020 மே மாதத்தில் இதே நடவடிக்கையை எதிர்த்துத் தி.மு.க. கறுப்புச் சின்னம் அணிந்து போராடியிருந்ததை எதிர்க்கட்சிகள் நினைவூட்டின.
* குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய், எரிவளி உருளைக்கு 100 ரூபாய் மானியம், டீசல் விலைக் குறைப்பு ஆகிய வாக்குறுதிகள் நூறு நாட்களுக்குள் நிறைவேறவில்லை. பெட்ரோல் விலையில் வாக்களித்த 5 ரூபாய்க்குப் பதிலாக 3 ரூபாயே குறைந்தது.
* நீட் தேர்விலிருந்து விலக்கு கிடைக்காததால், 2021 செப்டம்பர் 12 அன்று அத்தேர்வு தமிழ்நாட்டிலும் நடைபெற்றது.

இவற்றுள் சிலவற்றை முன்னிறுத்தி அ.தி.மு.க. சூலை 28 அன்று மாநிலம் முழுவதும் ஆர்ப்பாட்டம் நடத்தியது. நிதிநிலையைச் சீரமைக்காமல் எல்லா வாக்குறுதிகளையும் உடனே நிறைவேற்ற இயலாது என்பது அரசின் விளக்கமாக இருந்தது. மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் பின்னர் 2023 செப்டம்பர் 15 அன்று, தகுதி வரையறைகளுடன் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மகளிருக்குத் தொடங்கப்பட்டது.

காட்டுப்பள்ளி வட்டாரம்

காட்டுப்பள்ளி, எண்ணூருக்கு வடக்கே கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடையே அமைந்த ஊராகும். சென்னைக்கு நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நீர் வழங்குவதற்காக 2010 இல் திறக்கப்பட்ட கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும், 2013 இல் செயற்படத் தொடங்கிய துறைமுகமும் இங்கு உள்ளன. 2021 தேர்தலில் இவ்வூர் அடங்கிய பொன்னேரித் தொகுதியில் தி.மு.க. கூட்டணியிலிருந்த காங்கிரசும், அருகிலுள்ள கும்மிடிப்பூண்டித் தொகுதியில் தி.மு.க.வும் வென்றன. இரண்டும் 2016 இல் அ.தி.மு.க. வென்ற தொகுதிகளாகும்.

மாநிலம் தழுவிய ஆணைகளின் பயன் இவ்வட்டாரத்தில் ஒரே சீராக அமையவில்லை. நிவாரணத் தொகை குடும்ப அட்டை வழியாக வந்ததால் அனைவரையும் எளிதில் சென்றடையக்கூடியதாக இருந்தது. கட்டணமில்லாப் பேருந்துப் பயணமோ சாதாரணக் கட்டணப் பேருந்து ஓடும் தடங்களில் மட்டுமே பயன் தரும். மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வழியாகச் செல்லும் புறநகர்த் தொடருந்து இந்திய இரயில்வேக்கு உரியது என்பதால், அதில் வேலைக்குச் செல்லும் மகளிருக்கு இச்சலுகை பொருந்தாது. மாநிலத் திட்டக்குழு பின்னர் வேறு சில மாவட்டங்களில் நடத்திய ஆய்வில், இத்திட்டத்தால் மகளிர் மாதம் சராசரியாக 888 ரூபாய் சேமித்ததாகக் கண்டறியப்பட்டது. பேருந்து குறைவான, தொடருந்தை நம்பிய ஊர்களுக்கு இச்சராசரியை அப்படியே பொருத்த இயலாது.

இவ்வட்டார மீனவர்கள் புதிய அரசிடம் எதிர்பார்த்தவற்றுள் முதன்மையானது வேறொன்றாகும். துறைமுகத்தின் பரப்பை ஏறத்தாழ 330 ஏக்கரிலிருந்து 6,100 ஏக்கருக்கு மேலாக விரிவாக்கும் அதானி குழுமத்தின் திட்டம், கடலின் ஒரு பகுதியை நிலமாக்குவதையும் உள்ளடக்கியிருந்தது. இதனால் கடலரிப்பு பெருகும், பழவேற்காடு ஏரியின் மீன்வளம் குன்றும் என மீனவ ஊர்களும் சூழலியலாளர்களும் எதிர்த்தனர். துறைமுக விரிவாக்கம் வேலைவாய்ப்பையும் சரக்குப் போக்குவரத்தையும் பெருக்கும் என்பது திட்டத்தை ஆதரிப்போரின் கருத்தாகும். 2021 சனவரி 22 அன்று நடைபெறவிருந்த மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் பெருந்தொற்றைக் காரணமாகக் கொண்டு ஒத்திவைக்கப்பட்டது. அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மு. க. ஸ்டாலின் இவ்விரிவாக்கத்திற்கு எதிர்ப்புத் தெரிவித்திருந்ததால், ஆட்சி மாற்றத்திற்குப் பின் எதிர்பார்ப்பு மிகுந்தது.

இத்திட்டத்திற்கான சுற்றுச்சூழல் இசைவு நடுவண் அரசைச் சார்ந்தது. கருத்துக்கேட்பை நடத்துவது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறுப்பாகும். ஆகவே பால் விலையைப் போல ஒரே கையெழுத்தில் முடியக்கூடியதாக இது இருக்கவில்லை. 2023 செப்டம்பர் 5 அன்று நடத்துவதாக மீண்டும் அறிவிக்கப்பட்ட கூட்டமும், மீனவரின் எதிர்ப்பு எழுந்த நிலையில் ஒத்திவைக்கப்பட்டது.

நூறு நாட்களில் இவ்வூர் மக்கள் கூடித் தம் கருத்தைப் பதிவு செய்யும் முறையான இடமும் மூடப்பட்டிருந்தது. பெருந்தொற்றினால் கிராம சபைக் கூட்டங்கள் நடைபெறவில்லை. 2021 அக்டோபர் 2 அன்றே அவை மீண்டும் கூடின.

பிற்காலத் தேர்தல்கள்

2021 அக்டோபரில் ஒன்பது மாவட்டங்களில் நடைபெற்ற ஊரக உள்ளாட்சித் தேர்தலிலும், 2022 பெப்ரவரி 19 அன்று நடைபெற்ற நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலிலும் தி.மு.க. கூட்டணி பெருவெற்றி பெற்றது. பிந்தைய தேர்தலில் 21 மாநகராட்சிகளும் அக்கூட்டணியின் வசமாயின. இவை அரசின் தொடக்ககாலச் செயற்பாட்டிற்குக் கிடைத்த ஆதரவாக ஆளுங்கட்சியால் எடுத்துக்காட்டப்பட்டன. எனினும் சென்னை மாநகராட்சியில் வாக்குப்பதிவு 50 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை.

திருவள்ளூர் மாவட்ட ஊரகப் பகுதிகளுக்கு 2019 திசம்பரிலேயே உள்ளாட்சித் தேர்தல் முடிந்திருந்தது. எனவே மேற்கண்ட இரு தேர்தல்களிலும் ஊராட்சியான காட்டுப்பள்ளியின் மக்கள் வாக்களிக்கவில்லை. 2021 இற்குப் பின் அவர்கள் பங்கேற்ற அடுத்த பொதுத்தேர்தல் 2024 ஏப்ரல் 19 அன்று நடைபெற்ற மக்களவைத் தேர்தலாகும். அதில் திருவள்ளூர் உட்படத் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் தி.மு.க. கூட்டணி கைப்பற்றியது. ஆனால் அது நடுவண் அரசைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் என்பதால், அம்முடிவை மாநில அரசின் தொடக்க நாட்களுக்கான தீர்ப்பாகக் கொள்வது பொருந்தாது.

நூறு நாள் அளவுகோல் விரைவில் நிறைவேறும் ஆணைகளுக்கே சாதகமாக அமைகிறது. நிலம், நீர், வாழ்வாதாரம் சார்ந்த நீண்டகாலச் சிக்கல்களும், அக்காலத்தில் பேச இடம் கிடைக்காதோரின் கருத்துகளும் அதில் பதிவாவதில்லை என்பது இங்கு கருதத்தக்கது.

இவற்றையும் பார்க்க

* தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தல், 2021
* காட்டுப்பள்ளித் துறைமுகம்
* பழவேற்காடு ஏரி
* கிராம சபை
* கருத்துக்கணிப்பு