டொலரும் தகர டிக்கட்டும்

2013 ஜனவரியில் நியூயோர்க்கில் நடந்த ஒரு ஏலத்துல, ஒரே ஒரு வெள்ளி நாணயம் ஒரு கோடி அமெரிக்க டொலருக்கு மேல விலை போனது. 1794இல் அமெரிக்கா முதன்முதலா அடித்த டொலர்களில் அதுவும் ஒன்று. அந்த வருஷம் மொத்தமே 1,758 தான் அடித்தார்கள். எடை கிட்டத்தட்ட 27 கிராம். வெள்ளியோட விலைன்னு பார்த்தா சொற்பம். மிச்ச விலையெல்லாம் அதோட கதைக்குத்தான்.

இந்த டொலர்களில் இன்னொரு வகை இருக்கு. அதில் 1804 என்று வருஷம் போட்டிருக்கும். ஆனா அது 1804இல் அடித்ததில்லை, 1834இல் அடித்தது. ஆசிய மன்னர்களுக்குப் பரிசு கொடுக்க அமெரிக்க அரசு விசேஷமா செய்தது. எட்மண்ட் ராபர்ட்ஸ் என்ற தூதர் அந்தப் பரிசுகளோட 'பீகொக்' என்ற போர்க்கப்பலில் புறப்பட்டார். 1835இல் மஸ்கட் சுல்தானுக்குக் கொடுத்தார். அடுத்த வருஷம் சீயத்து மன்னருக்குக் கொடுத்தார். இரண்டுக்கும் நடுவில் அந்தக் கப்பல் கொழும்பையும் தொட்டுட்டுப் போனது.

அதே காலத்துலதான் மேல மலையில காட்டை வெட்டிக் கோப்பி போட ஆரம்பித்திருந்தார்கள். அடுத்த பத்து, இருபது வருஷத்தில் தமிழ்நாட்டிலிருந்து நம்ம ஆட்கள் ஆயிரக்கணக்கில், மன்னாரில் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டுவழியில் நடந்தே வந்தார்கள். நடந்தவர்களில் ஊர் சேராமலே போனவர்கள் நிறையப் பேர். ராஜாவுக்குப் போன டொலர் எங்கே போனதுன்னு தேடி எழுதின கணக்கு இருக்கு. வழியில விழுந்தவர்களுக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை.

சரி, நம்ம லயத்துல என்ன இருக்கு? போன வருஷம் எங்கள் நண்பர் ஒருவரின் அப்பாயி தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். ஹட்டன் பக்கத்துத் தோட்டம். உள்ளே விக்டோரியா ராணி தலை போட்ட இந்திய வெள்ளி ரூபா இரண்டு, அதிலும் ஒன்றில் மாலை கோக்க வளையம் பற்றவைத்திருந்தது. தாளிப்பனை போட்ட ஒரு செப்புச் சதம். அதில் சிங்களத்திலும் தமிழிலும் எழுத்து இருக்கும். 1872இல் இலங்கை பவுண், ஷில்லிங்கை விட்டு ரூபா, சதக் கணக்குக்கு மாறியபோது வந்த வகை அது. கடைசியா, ஓட்டை போட்டு நூல் கட்டிய ஒரு தகர வில்லை. அதில் முகமில்லை, மரமில்லை. இரண்டு எண்கள் மட்டும்.

"இது காசா அப்பாயி?" என்று கேட்டோம்.

"காசில்ல. எங்க பாட்டன் வந்த டிக்கட்டு."

இதுதான் டின் டிக்கட். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆள் சேர்க்கும்போது கொடுத்தது. ஒரு எண் தோட்டத்துக்கு, ஒரு எண் ஆளுக்கு. இதைக் காட்டினால் கப்பலும் ரயிலும் கடனுக்கு ஏற்றிக்கொள்ளும், செலவு தோட்டத்தின் கணக்குக்குப் போகும். அங்கிருந்து பெரும்பாலும் கங்காணி வழியா தொழிலாளியின் தலையிலேயே கடனா வந்து இறங்கும். அந்தக் கடனை எழுதிவைத்த சீட்டுக்குப் பெயர் 'துண்டு'. துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது, துண்டோடு போனால் கடனும் கூடவே வரும். 1921இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

ஆக, டொலரை வாங்கிய மனிதன் அதற்குச் சொந்தக்காரன். டிக்கட்டைக் கட்டிக்கொண்ட மனிதன் அதன் எண்ணுக்குச் சொந்தம். பெட்டிக்குள்ளே இரண்டும் வட்டமான உலோகம்தான். வித்தியாசம் இதுதான்.

1948இல் பிரஜாவுரிமையைப் பறித்தபோது "நீங்கள் இந்த ஊர்க்காரர்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார்கள். 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பலாம் என்று இரண்டு அரசுகளும் தலையெண்ணிப் பிரித்தன. கப்பலேறும்போது எத்தனை பெட்டிகள் காலியாகியிருக்கும்! வெள்ளி அடகுக்கடைக்குப் போய் உருகியது. தகரம் பழைய இரும்போட போனது.

நாணயம் சேர்க்கிறவர்களிடம் நாம் கற்க வேண்டியது இரண்டு. ஒன்று, புளி போட்டுத் தேய்க்காதீங்க. அந்தக் கறுப்புதான் அதன் வயசு, பளபளப்பாக்கினால் மதிப்பே போய்விடும். இரண்டு, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எழுதி வையுங்க. 1804 டொலரின் விலையில் பெரும்பகுதி அந்தக் கைமாறிய கதைக்குத்தான்.

எங்களிடம் ஏலத்துக்கு விட எதுவுமில்லை. அப்பாயி சொன்னதை ஒரு கொப்பியில் எழுதினோம்: பாட்டன் பெயர், ஏறிய ஊர், இறங்கிய தோட்டம், இரண்டு எண்கள். இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு டிக்கட்டை அதே பெட்டியில் வைத்துவிட்டோம். லீவுக்கு வீட்டுக்குப் போறவங்க, உங்க வீட்டுப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்க. கதை சொல்ற ஆள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்க.