படுக்க ஓரிடம்

திருநீர்மலைப் பெருமாளுக்கு நான்கு கோலம். அடிவாரத்தில் நீர்வண்ணனாக நிற்கிறார். மலைமேல் நரசிம்மராக உட்கார்ந்திருக்கிறார், ரங்கநாதராகப் படுத்திருக்கிறார், உலகளந்தவராக நடக்கிறார். நிற்க, இருக்க, படுக்க, நடக்க என்று ஒரே சாமிக்கு நாலு இடம். மலையைச் சுற்றித் தண்ணீர் நின்றதால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் வெளியே காத்திருந்து அப்புறம்தான் கும்பிட்டார் என்பது கோயில் கதை. ஆழ்வாருக்கு ஆறு மாதத்தில் தண்ணி வடிந்துவிட்டது. நம்ம ஜனங்களுக்கு வடியவில்லை. சென்னை மாகாணத்துக் கோயில்களுக்குள் எல்லாச் சாதி இந்துக்களும் போகலாம் என்று சட்டம் சொன்னது 1947இல்தான்.

நடக்க இடம் கேட்டதும் அப்படித்தான். பொதுத் தெருவில் நடக்கவும் பொதுக் கிணற்றில் மொள்ளவும் எவருக்கும் தடையில்லை என்று 1924இல் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் போட வேண்டியிருந்தது. தெருவில் நடப்பதற்கே ஒரு தீர்மானம்! கோயில், தெரு எல்லாம் கிடக்கட்டும். அந்த நாலில் ஒன்றைப் பற்றி மட்டும் இங்கே பேசுவோம். படுக்க ஓரிடம்.

ஸ்பானிஷ் மொழியில் 'கெரென்சியா' என்று ஒரு சொல் உண்டு. விரும்புதல் என்கிற வினையிலிருந்து பிறந்தது. ஒருவர் எந்த இடத்தில் பயமில்லாமல், தானாக இருக்க முடிகிறதோ அந்த இடம் அவருடைய கெரென்சியா. காளைச் சண்டைக்காரர்களும் இந்தச் சொல்லை வைத்திருக்கிறார்கள். ஈட்டி பாய்ந்து ரத்தம் ஒழுகுகிற காளை, மைதானத்தில் ஏதோ ஒரு மூலையைத் தனக்குப் பத்திரமான இடம் என்று எடுத்துக்கொள்ளும். திரும்பத் திரும்ப அங்கேதான் போய் நிற்கும். அங்கே நிற்கும்வரை அதைக் கொல்வது கஷ்டம். ஆகவே கொல்ல வந்தவன் முதலில் கண்டுபிடிப்பது அந்த மூலையைத்தான்.

இதைப் படித்தபோது எங்க ஆயா ஞாபகம் வந்தது. ஓலை மாற்றிய வீட்டைப் பார்த்து நாங்கள் குதித்தால் அது சொல்லும்: "வூடு உன்னுதுதான்டா. வூடு நிக்கிற மண்ணு யாருது?"

ஆயாவின் கேள்வி வெறும் புலம்பல் இல்லை. திருநீர்மலை சேர்ந்திருந்த பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் சரித்திரமே அந்தக் கேள்வியில் இருக்கிறது. இது மிராசு ஜில்லா. வயல் மட்டுமில்லை, சேரி இருக்கும் மனையும் தன்னுடையது என்று மிராசுதார் உரிமை கொண்டாடினான். கூலி கூடக் கேட்டால், வேறு ஆளிடம் வேலைக்குப் போனால், துண்டு நிலத்துக்கு மனு போட்டால், "குடிசையைப் பிரிச்சிக்கிட்டுப் போ" என்கிற ஒரே சொல் போதும். சவுக்கு தேவைப்படவில்லை. படுக்கிற இடமே சவுக்கு.

ஜில்லா கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு எழுதிய அறிக்கையில் இதை விலாவாரியாகச் சொன்னார். வீட்டுமனையும் விளைநிலமும் கொடுக்காமல் இவர்கள் நிமிர முடியாது என்றார். அதன் பேரில் 1892 செப்டம்பர் 30இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அப்படிப் பிறந்ததுதான். பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அப்புறமும் நம்மவருக்கு வெளியே விற்கக் கூடாது என்பது நிபந்தனை. மாகாணம் முழுக்க சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லி வருகின்றன. அதில் பெரும்பகுதி இன்றைக்கு யார் கையில் இருக்கிறது என்று வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காரணையில் பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்ட போராட்டத்தில், 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். நூறு வருஷத்துக்கு முன் அரசே கொடுத்த மண்ணைக் கேட்டதற்கு அரசே கொடுத்த பதில் அது.

மண் நம்முடையதாக இல்லாதபோது வீடு என்னவாகும்? 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் துப்பாக்கியோடு அடியாட்கள் வந்தபோது, ஓட முடியாத பெண்களும் பிள்ளைகளும் வயசானவர்களும் ராமையாவின் குடிசைக்குள் போய் ஒடுங்கினார்கள். அவர்களுக்கு அந்த நேரத்தில் கெரென்சியா அதுதான். வந்தவர்கள் கதவை அடைத்துத் தீ வைத்தார்கள். 44 பேர் கருகினார்கள். 1973இல் உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுதலை செய்தது. குடியிருப்பு மனையைக் குடியிருப்பவருக்கே சொந்தமாக்கும் சட்டம் 1971இல் வந்தது. வெண்மணி எரிந்து மூன்று வருஷம் கழித்து!

சரி, ஓலை போய் மெத்தை வீடு வந்தால் பயம் போய்விடுமா? கொடியங்குளத்தில் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் நல்ல வீடு கட்டியிருந்தார்கள். 1995 ஆகஸ்ட் 31இல் போலீஸே உள்ளே புகுந்து டி.வி., மின்விசிறி, சர்டிபிகேட் என்று கண்டதையெல்லாம் நாசம் செய்தது. குடிதண்ணீர்க் கிணற்றையும் விடவில்லை. 2012 நவம்பர் 7இல் தர்மபுரி நத்தம் காலனியிலும் பக்கத்துக் காலனிகளிலும் 200க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தினார்கள். அடிக்க வருகிறவன் ஆளை மட்டும் தேடுவதில்லை. பீரோவைத் தேடுகிறான், பட்டாவைத் தேடுகிறான், பிள்ளையின் மார்க் ஷீட்டைத் தேடுகிறான். நாம் எங்கே நிமிர்ந்து நிற்கிறோமோ அந்த மூலை அவனுக்குத் தெரியும்.

திருநீர்மலை 2021இல் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. ஏரிக்குப் பக்கத்து மனைக்கும் இப்போது விலை. பக்கத்து அனகாபுத்தூரில் 2025 மே மாதம் அடையாற்றங்கரை வீடுகளை ஆக்கிரமிப்பு என்று இடித்தார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரத்து ஜனங்கள் பலரைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். வேலை இங்கே, படுக்கை அங்கே. மிராசுதார் சொன்ன "பிரிச்சிக்கிட்டுப் போ" இப்போது நோட்டீஸாக வருகிறது. வெள்ளம் வரும் இடத்தில் மனுசன் இருக்கக் கூடாது என்பது நியாயம்தான். ஆனால் ஆற்றோரத்துக்கு நம்மைத் தள்ளியது எது? உள்ளே மனை தராதது எது? அதற்கு நோட்டீஸ் இல்லை.

வீடு நமக்கு ஓய்வெடுக்கும் இடமாக இருந்ததில்லை, வழக்கு நடக்கும் இடமாகவே இருந்து வந்திருக்கிறது. ஆகவே மனைப்பட்டா என்பது சலுகை இல்லை, உயிர்க்காப்பு. பஞ்சமி நிலக் கணக்கைத் தாலுகா ஆபீசில் தோண்டுகிற ஒவ்வொரு மாணவனும் வெண்மணிக் குடிசையின் கதவைத் திறக்கிறான்.

காளையின் கெரென்சியா மைதானத்துக்கு உள்ளேதான் இருக்கிறது. மைதானம் யாருடையது என்று காளை கேட்பதில்லை. எங்க ஆயா கேட்டது. நாமும் கேட்போம்.