மொபைல் வலையமைப்பின் ஆற்றல் திறன் அளவீடு

மொபைல் வலையமைப்பு செலவிடும் மின்னாற்றலுக்கு ஈடாக எவ்வளவு சேவை தருகிறது என்பதைக் கணக்கிடும் முறை. ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தரநிலை நிறுவனம் 2015இல் வெளியிட்ட இ.எஸ். 203 228 இதற்கான முதன்மைத் தரநிலை. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் எல்.1331 பரிந்துரை இதற்கு இணையானது.

முதன்மை அளவுகள் இரண்டு. கடத்திய தரவை ஆற்றலால் வகுத்தால் கிடைப்பது தரவுத் திறன், அலகு பிட்/ஜூல். சேவை எட்டும் பரப்பை ஆற்றலால் வகுத்தால் கிடைப்பது பரப்புத் திறன். அலகு சதுர மீட்டர்/ஜூல். பயன்பாடு குறைந்த ஊர்ப்புறங்களில் பின்னதே பொருத்தமானது.

ஆற்றல் கணக்கில் அலைபரப்புக் கருவிகளோடு குளிரூட்டி, மின்மாற்றும் கருவிகள், மின்கல இழப்புகளும் சேரும். வேலைநாள், விடுமுறைநாள் வேறுபாடு பதிவாக, அளவீடு குறைந்தது 7 நாள் நீடிக்க வேண்டும். மக்கள்தொகை அடர்த்தி வாரியாகத் தேர்ந்த பகுதிகளை அளந்து, முடிவை முழு வலையமைப்புக்கும் விரிக்கின்றனர்.