ஒடியற் கூழின் வரலாறு

மார்கழி மாதத்து வாடைக்காற்றிலே பனையோலைகள் சலசலக்கும் மாலை வேளையில், யாழ்ப்பாணத்து அடுக்களைகளில் பெரும்பானை அடுப்பேறும். கோழியிறைச்சியும் காய்கறியும் கூட்டிக் காய்ச்சிய சாற்றைக் குளிர்நாட்டார் விரும்பிப் பருகுவர். நம்மிடத்தே அதன் இடத்தில் இருப்பது ஒடியற் கூழ். நேயர்கள் இதனை ஆடிக்கூழ் என்று மயங்குதல் கூடாது. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) சிறுவர்க்குப் பாடிவைத்த ஆடிப்பிறப்புக் கூழ் இனிப்புக் கூழ். இதுவோ உறைப்பும் புளிப்பும் உடையது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. நெல் மாரி மழையை நம்பி விளைவது. மழை பொய்த்தால் களஞ்சியம் வெறுமையாகும்; பனை அவ்வாறு எளிதிற் கைவிடுவதில்லை. பனம்பழத்தின் விதைகளை மணற்பாத்தியில் நெருக்கமாக அடுக்கி மூடிவிடுவர். சில மாதங்களில் அவை முளைத்துக் கிழங்காகும். பச்சைக் கிழங்கைக் கிழித்து வெயிலில் உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். கூழுக்கு உரியது முன்னையதை இடித்த மாவே. அம்மாவிலே ஒரு கைப்பு உண்டு. ஆதலால் நீரில் ஊறவைத்து, மேலே தெளிந்த நீரை இரண்டு மூன்று முறை வடித்துவிடுவர். இந்த நுட்பத்தை முதலிற் கண்டவர் யாவர் என்று எந்த வரலாற்று நூலும் கூறவில்லை. அரசர் பெயர்களுக்கு மட்டும் அந்நூல்களிற் குறைவில்லை.

கொதிக்கும் நீரில் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, பயிற்றங்காய், மரவள்ளிக்கிழங்குத் துண்டுகள் ஆகியன முதலில் வேகும். பின்னர் மீன், நண்டு, இறால் சேரும். அவை வெந்தபின், அரைத்த செத்தல் மிளகாயையும் பழப்புளியையும் ஒடியல் மாவுடன் கரைத்து ஊற்றித் துழாவுவர். முருங்கையிலை இறுதியில் விழும். பனையோலையை மடித்துக் கோலிய பிளாவில் வார்த்து, சுடச்சுட உறிஞ்சிக் குடித்தல் வழக்கம்.

இதனை அடிமுதல் நுனிவரை பழந்தமிழர் உணவு என்று பெருமை பேசுவாரும் உளர். அது முழு உண்மையன்று. மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தது 1505இல். யாழ்ப்பாண அரசைத் தமதாக்கியது 1619இல். மிளகாய் இப்பகுதிகளுக்கு வந்தது அவர்கள் வாணிகத்தின் வழியே. மரவள்ளி அதற்கும் பிற்பட்டது. அதற்கு முன்னும் இக்கூழ் இருந்திருப்பின், அதன் உறைப்பு மிளகினாலேயே அமைந்திருத்தல் வேண்டும். மிளகாய் என்னும் பெயரே, புதிய காயை மிளகோடு ஒப்பிட்டுப் பார்த்த நாவின் தீர்ப்பல்லவா? ஆயினும் வந்தேறிய பொருள்களையெல்லாம் ஒன்றாகப் பிணைத்துக் கூழாக்குவது பனையின் மாவே. அதற்கு மாற்றாக அரிசிமாவையோ கோதுமைமாவையோ கரைப்பது வேறொரு பண்டமாகும் என்பது என் கருத்து.

அரிசி அரிதாகிய காலங்களில் இம்மாவின் அருமை தெரிந்தது. 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது அங்கிருந்து இலங்கைக்கு வந்த அரிசி நின்றுபோயிற்று. 1990களில் போரும் பொருளாதாரத் தடையும் குடாநாட்டை நெருக்கின. அதே போரிலே காவலரண்களுக்காகவும் எறிகணைகளாலும் பெருந்தொகைப் பனைகள் அழிந்தன. உணவளித்த மரமே போருக்குச் சுவராகவும் நின்று மடிந்தது.

இப்போது ஒடியல் மா பொதிகளாகக் கடல் கடந்து இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் செல்கின்றது. அங்கே பனி கொட்டும் நாள்களில் உறவினர் கூடிக் கூழ் காய்ச்சுகின்றனர். இறால் உறைபெட்டியிலிருந்து வருகின்றது; பலாக்கொட்டை தகரத்தில் அடைத்து வருகின்றது. பிளா கோலுவதற்குப் பச்சோலை இல்லை. கோப்பையிலேயே வார்த்துக் குடிக்கின்றனர்.