பதினொரு வரிகள்

7 என்ற எண்ணை 0007 ஆக்க வேண்டும். இடப்பக்கம் மூன்று பூஜ்யம், அவ்வளவுதான். பில் எண்ணிலும் டிக்கெட்டிலும் தினமும் பார்ப்பதுதான். இதைச் செய்ய அஸர் கோச்சுலு என்ற நிரலாளர் ஜாவாஸ்கிரிப்டில் பதினொரு வரி எழுதி, ‘லெஃப்ட்-பேட்’ என்று பெயரிட்டுப் பொதுவில் வைத்தார்.

பொதுவில் வைப்பது என்றால் இரண்டு வேலை. முதலாவது கிட். லினக்ஸுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதிய கருவி. நிரலில் எதை எப்போது யார் மாற்றினார்கள் என்று வரி வரியாக நினைவு வைத்திருக்கும். அடித்தல் திருத்தலோடு உள்ள கையெழுத்துப் பிரதி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, அதற்கு ஒரு பெயரும் பதிப்பு எண்ணும் கொடுத்து என்பிஎம் போன்ற பதிவகத்துக்கு அனுப்புவது. இதுதான் வெளியீடு.

ஆனால் புத்தக உவமை இங்கே கொஞ்சம் இடிக்கும். அச்சான புத்தகம் வாங்கியவர் வீட்டில் இருக்கும். பதிப்பாளர் கடையை மூடினாலும் பிரதி நம்முடையது. என்பிஎம்மில் அப்படியில்லை. ஒரு மென்பொருளைப் புதிதாக நிறுவும்போதெல்லாம் கணினி அந்த ஒரே அலமாரிக்குப் போய்த்தான் எடுத்து வரும்.

கோச்சுலு ‘கிக்’ என்ற பெயரிலும் ஒரு பேக்கேஜ் வைத்திருந்தார். அதே பெயரில் செயலி நடத்திய கனடா நிறுவனம் அந்தப் பெயரைக் கேட்டது. இவர் மறுத்தார். நிறுவனம் என்பிஎம்மிடம் போனது, என்பிஎம் பெயரை அவர்களுக்கு மாற்றிக் கொடுத்தது. ‘அப்படியா, என்னுடையது எதுவுமே இங்கே வேண்டாம்’ என்று முடிவெடுத்து, 2016 மார்ச் 22 அன்று தன் 250-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்களை அவர் நீக்கினார். லெஃப்ட்-பேடும் அதில் போனது.

கலிஃபோர்னியாவில் மதியம் இரண்டரை மணி. நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான நிறுவல்கள் தோற்கத் தொடங்கின. உலகமெங்கும் பயன்பட்ட பேபல் என்ற கருவியே நின்றது. பேபல் நேரடியாக லெஃப்ட்-பேடைக் கேட்கவில்லை. பேபல் கேட்டது ‘லைன்-நம்பர்ஸ்’ என்ற இன்னொரு பேக்கேஜை, அதுதான் இதைக் கேட்டது. பலருக்குத் தாங்கள் இந்தப் பதினொரு வரியை நம்பியிருக்கிறோம் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

இத்தனைக்கும் நிரல் தொலையவில்லை. கிட்ஹப்பில் அப்படியே இருந்தது. பத்து நிமிடத்துக்குள் ஒருவர் அதே வேலையைச் செய்யும் நிரலை அதே பெயரில் 1.0.0 என்று ஏற்றினார். பிரச்சினை தீரவில்லை, ஏனென்றால் லைன்-நம்பர்ஸ் கேட்டது 0.0.3-ஐ. அந்த எண்தான் வேண்டும், வேறெதுவும் ஆகாது. கடைசியில் என்பிஎம் தன் சேமிப்பிலிருந்து பழைய 0.0.3-ஐ எடுத்து மீண்டும் வைத்தது. ஐந்து மணிக்குள் எல்லாம் சரி.

எழுதியவர் வேண்டாம் என்று நீக்கியதை அவரைக் கேட்காமல் திரும்ப வைத்தார்கள். சட்டப்படி தப்பில்லை. யாரும் எதுவும் செய்துகொள்ளலாம் என்ற உரிமத்தில்தான் அவரே அதைக் கொடுத்திருந்தார். ஆனாலும் கணக்குப் பாருங்கள்: நிறுவனத்துக்குப் பெயர் கிடைத்தது, பயனர்களுக்கு நிரல் கிடைத்தது. சம்பளமில்லாமல் எழுதியவருக்கு, விலகிப்போகும் உரிமைகூட மிஞ்சவில்லை.

சில நாட்களில் விதி மாறியது. வெளியாகி 24 மணி நேரம் தாண்டிய பதிப்பை இனி நினைத்தபடி நீக்க முடியாது. பிறகு அது 72 மணி நேரமானது. அடுத்த ஆண்டு ஜாவாஸ்கிரிப்ட் தரத்திலேயே இடப்பக்கம் நிரப்பும் வசதி சேர்ந்தது, லெஃப்ட்-பேட் தேவையில்லாமலும் போனது.

அந்த விதி சரிதான் என்றே நினைக்கிறேன். நானும் அடுத்தவர் எழுதிய வரிகளின் மேல் நின்று சம்பாதிக்கிறவன். ஆனால் எனது சின்ன பேக்கேஜ் ஒன்றை வெளியிடும் கட்டளையைத் தட்டும்போது, என்டர் விசைக்கு முன்னால் விரல் ஒரு கணம் நிற்கும். கொடுப்பது நம் இஷ்டம். திரும்ப வாங்குவது அப்படியில்லை.