சேத்துப்பட்டில் நடந்த ஒரு பரிசோதனை



குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே 'தாம்பரம் சானடோரியம்' என்று ஒரு ரயில் நிலையம் உண்டு. உங்களில் எத்தனையோ பேர் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறீர்கள். சானடோரியம் என்றால் என்ன என்று என் பேத்தி கேட்டாள். பதில் கொஞ்சம் நீளமாகிவிட்டது. அதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

சயரோகம், எலும்புருக்கி, காசநோய், டி.பி. என எல்லாப் பெயரும் ஒரே நோயைத்தான் குறிக்கும். அதற்குக் காரணமான கிருமியை ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்தார். கிருமி தெரிந்துவிட்டது, ஆனால் அதைக் கொல்லும் மருந்து வர இன்னும் அறுபது ஆண்டுகள் ஆயின. அதுவரை வைத்தியம் என்பது மூன்றே மூன்றுதான்: ஓய்வு, சுத்தமான காற்று, நல்ல சாப்பாடு. இவற்றைக் கொடுக்க ஊருக்கு வெளியே கட்டிய ஆஸ்பத்திரிதான் சானடோரியம்.

தாம்பரத்தில் 1928-ல் அதைத் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சவுரி முத்து. அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் அவர் ஒரு சானடோரியம் நடத்திவந்தார். நம் கணித மேதை ராமானுஜன் 1917-ல் உடல்நலம் கெட்டபோது அங்கே சிகிச்சைக்குச் சேர்ந்தார். இருவரும் 1914-ல் ஒரே கப்பலில் இங்கிலாந்து போனவர்கள்! ராமானுஜனுக்கு வந்தது டி.பி.தானா, கல்லீரலில் அமீபா தொற்றா என்று பிற்காலத்தில் ஒரு விவாதம் கிளம்பியது. அப்போது டி.பி. என்றுதான் வைத்தியம் பார்த்தார்கள். ஊர் திரும்பி 1920 ஏப்ரல் 26 அன்று, 32 வயதில், சென்னை சேத்துப்பட்டில் அவர் காலமானார். சேத்துப்பட்டு என்ற பெயரை நினைவில் வையுங்கள்.

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பி.ஏ.எஸ். மருந்தும் வந்தன. 1952-ல் ஐசோனியசிட் வந்தது. இது மாத்திரை, விலையும் மலிவு. ஒரே மருந்தைக் கொடுத்தால் கிருமி பழகிக்கொள்கிறது, இரண்டைச் சேர்த்துக் கொடுத்தால் தப்ப முடிவதில்லை என்பதும் தெரிந்துவிட்டது. ஆனாலும் மருந்தோடு மாதக்கணக்கில் சானடோரியப் படுக்கையும் வேண்டும் என்பதே உலக மருத்துவர்களின் பொதுக் கருத்தாக இருந்தது. இந்தியாவில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். படுக்கைகளோ சில ஆயிரம்தான். இடம் கிடைக்கக் காத்திருக்கும்போதே செத்துப்போனவர்கள் உண்டு.

இந்த நிலையில்தான் 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து ஆரம்பித்தவை. தலைமை தாங்க வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது: ஒரே மருந்தை ஒரே அளவில் கொடுத்தால், வீட்டிலேயே இருப்பவருக்குக் குணமாகுமா, சானடோரியத்தில் இருப்பவருக்குத்தான் குணமாகுமா?

193 நோயாளிகளைச் சேர்த்தார்கள். யார் வீட்டுக்கு, யார் சானடோரியத்துக்கு என்பதை மருத்துவர் தீர்மானிக்கவில்லை, குலுக்கல் போலத்தான் முடிவானது. தேறக்கூடியவர்களையெல்லாம் ஒரு பக்கம் சேர்த்துவிட்டார்கள் என்று பின்னால் யாரும் சொல்லக்கூடாதல்லவா? எல்லோருக்கும் ஓராண்டு ஐசோனியசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும் கொடுத்தார்கள். இவர்கள் லேசான நோயாளிகளும் இல்லை. பலருக்கு நுரையீரலில் ஓட்டையே விழுந்திருந்தது. வீட்டில் இருந்தவர்கள் நகரத்தின் நெருக்கடியான குடியிருப்புகளில், ஒரே அறையில் குடும்பத்தோடு படுத்தவர்கள். சானடோரியத்தில் இருந்தவர்களைவிட இவர்களுக்குச் சாப்பாடும் குறைவு, ஓய்வும் குறைவு.

ஓராண்டு முடிவில் சளியில் கிருமி இல்லாமல் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். சானடோரியத்துக்காரர்கள் உடல் எடை அதிகம் கூடியிருந்தார்கள், அவ்வளவுதான். ஐந்து ஆண்டு தொடர்ந்து பார்த்தபோது இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகிவிட்டது. முதல் அறிக்கை 1959-ல் வெளியானது. அதன்பின் பல நாடுகளில் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நம் நாட்டில் 1962-ல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம், வீட்டில் இருந்தே மருந்து என்ற அடிப்படையில் அமைந்தது.

என்னைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய முடிவு இன்னொன்று. வீட்டில் இருந்த நோயாளிகளின் மனைவி, கணவன், குழந்தைகளையும் ஐந்து ஆண்டுகள் பரிசோதித்துக்கொண்டே இருந்தார்கள். நோயாளியை ஓராண்டு பிரித்து வைத்த குடும்பங்களைவிட, கூடவே வாழ்ந்த குடும்பங்களில் நோய் அதிகம் வரவில்லை. காரணம் யோசித்தால் புரியும். நோய் தெரியவரும் முன்பே, இருமிக்கொண்டிருந்த அந்த மாதங்களில்தான் வீட்டாருக்குத் தொற்று ஏற்படுகிறது. மருந்து ஆரம்பித்த சில வாரங்களிலேயே பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் குடும்பங்களில் இன்றும் தனித்தட்டு, தனி டம்ளர் போகவில்லை. என்னிடம் படித்த ஒரு பெண் சில மாதங்களுக்கு முன் தொலைபேசியில் பேசினாள். டி.பி. என்று தெரிந்த நாள் முதல் குழந்தையைத் தூக்க விடவில்லையாம். மருந்து தொடங்கி நான்கு மாதம் ஆகி, சளிப் பரிசோதனையும் சுத்தமாக வந்த பிறகும் அதே நிலை. காசநோய் இருமலில் வரும் காற்றின் வழியாகப் பரவுவது. தட்டும் டம்ளரும் அதைப் பரப்புவதில்லை. சேத்துப்பட்டுக்காரர்கள் நம் ஊர் ஜனங்களை வைத்தே காட்டி அறுபது வருஷம் ஆகிறது. அந்த வீட்டுப் பெரியவர்களும் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள்தான்.

பரிசோதனையில் ஒரு சிக்கலும் வெளிப்பட்டது. உடம்பு தேறியதும் மாத்திரையை நிறுத்திவிடுவது மனித இயல்பு. மையத்தின் ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரை எடுத்துச் சோதித்தார்கள். வீட்டுப்பாட நோட்டைத் திடீரென்று கேட்கும் வாத்தியார் வேலைதான்! அப்புறம் வாரம் இரண்டு முறை மட்டும், கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறையையும் அங்கேயே சோதித்தார்கள். 1990-களில் 'டாட்ஸ்' என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவிய திட்டத்துக்கு இதுவும் ஒரு வேர்.

தடுப்பு ஊசி விஷயம் தனிக்கதை. 1955-ல் பி.சி.ஜி. ஊசியை எதிர்த்து ராஜாஜி கடுமையாக எழுதினார். பின்னாளில் செங்கல்பட்டு மாவட்டத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த பெரிய ஆய்வில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்றே தெரிந்தது. உடனே ராஜாஜி சொன்னதுதான் சரி என்று கிளம்பிவிடாதீர்கள். பச்சைக் குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலாக வரும் கொடிய காசநோயை அது தடுக்கிறது. அதனால்தான் பிறந்தவுடன் இன்றும் போடுகிறார்கள்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சேத்துப்பட்டு முடிவைக் கேட்டுவிட்டு, மருந்து இருந்தால் போதும், சாப்பாடு முக்கியமில்லை என்று நினைத்தவர்கள் உண்டு. நோயாளி குணமாவது வேறு, கூட இருப்பவருக்கு நோய் வராமல் தடுப்பது வேறு. ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. காசநோயாளி இருக்கும் வீடுகளில், மற்றவர்களுக்கும் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, கூடவே சத்து மாத்திரை கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது.